வண்டு வராத அரிசி

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பாதி தூரம் நடந்து வந்த பிறகுதான் கழுத்தில் இன்னும் சால்வை கிடப்பது தெரிந்தது. எதிரில் காலிக் கூடையோடு வந்த கன்னியம்மா நின்று பார்த்தாள். எங்கள் கடைக்குத் தினமும் கீரை போடுகிறவள்.

“இன்னா அண்ணாத்தே, எலக்சன்ல நிக்கிறியா?”

“வேலையை விட்டுட்டேன் கன்னிம்மா. அதுக்குப் போட்டாங்க.”

“இத்தினி வருசம் மூட்டை தூக்கும்போது போடல. தூக்கலைன்னதும் போட்டாங்களா? நல்லாக்கீது நாயம். குடு அத்த, சும்மாடு கட்டிக்கிறேன். கூடை தலையில அறுக்குது.”

கொடுத்துவிட்டேன். எனக்குச் சால்வையை வைத்துக்கொள்ள அலமாரி கிடையாது. கையில் இரண்டு கிலோ தூயமல்லி அரிசி இருந்த துணிப்பை, சட்டைப் பையில் போன், அவ்வளவுதான் மிச்சம். மேலே நடந்தேன்.

ஒரு வேலையை விட்டு இப்படி நடந்து போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பை விட்டு நடந்ததில் ஆரம்பித்தது. லாரியில் கிளீனர், ஹோட்டலில் மாவு பிசைவது, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் துருவல் அள்ளுவது என்று பலதும் பார்த்தேன். ஆவடி ஸ்டேஷன் நடைமேடையில் சில மாதம் படுத்திருக்கிறேன். அங்கே தண்ணீர் கிடைக்கும், காற்றும் வரும், கொசுதான் அதிகம். கடைசியில் பூந்தமல்லியில் ஓர் அரிசிக் கிடங்கு. மூட்டைகளை அடுக்கி, நடுவே மருந்து மாத்திரை வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, ஓரமெல்லாம் மண் அணைத்து மூடுவது என் வேலை. சில நாள் கழித்துத் திறந்தால் ஒரு பூச்சி மிஞ்சாது. எனக்கும் இருமல் விடவில்லை. ஒருநாள் தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் வேலை கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்த இடம்தான் இந்த இயற்கை அங்காடி. வாசலில் ‘மூட்டை இறக்க ஆள் தேவை’ என்று அட்டை தொங்கியது.

கடை பெரிதல்ல. சுவரோரம் மூடி போட்ட பெரிய தகரப் பீப்பாய்களில் அரிசி வகைகள். கண்ணாடி ஜாடிகளில் கம்பு, தினை, சாமை. மூலையில் செக்கு எண்ணெய் டின்கள். அந்தப் பக்கம் நாட்டுச் சர்க்கரை, அதைச் சுற்றி எப்போதும் எறும்பு. எல்லாம் உதிரியாகத்தான் விற்போம், வாங்குகிறவர்கள்தான் பாத்திரம் கொண்டுவர வேண்டும். முதலில் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் கழித்துக்கொண்டு பிறகு போட வேண்டும். ஜாடி, தூக்கு, பழைய ஊறுகாய் பாட்டில் என்று வரும். ஒரு சார் குக்கரையே கொண்டுவருவார், விசில் உட்பட. “அப்படியே அடுப்பில வெச்சிடலாம் பாருங்க” என்பார்.

முதலாளியம்மா பெயர் வசந்தா. ஊர் திருச்சிப் பக்கம், இங்கே பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் மேடம். நான் போய் நின்றபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அரிசியில வண்டைப் பார்த்தா என்ன செய்வீங்க?”

“மாத்திரை வெப்பேன் மேடம்.”

“இங்க அது கிடையாது. வேற என்ன தெரியும்?”

“வேற ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதுன்னு சொன்னீங்களே, அது போதும். நாளைக்கு வாங்க.”

கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. பீப்பாயில் வண்டு கண்டால் மொத்த அரிசியையும் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளைத் துணி விரித்து, மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். காலை இளவெயில் போதும். உச்சி வெயிலில் காய்ந்தால் அரிசி கீறல் விட்டு, உலையில் குழைந்துவிடும். வெளிச்சம் பட்டதும் வண்டு தானாகவே ஓரம் பார்த்து நடக்கும். அதை நசுக்கக்கூடாது, நசுக்கினால் அரிசியில் வாடை ஏறும். ஓரத்தில் சேர்ந்ததைச் சிறு துடைப்பத்தால் தள்ளி, மீதியைச் சல்லடையில் சலித்து, முறத்தில் புடைத்து, ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் போகும். பீப்பாயைத் துடைத்துக் காயவைத்து, வசம்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் துணியில் முடிந்து அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. மழை மாதங்களில் இதுவே முழுநேர வேலை. கன்னியம்மா எனக்கு வைத்த பெயர் ‘வண்டு டாக்டர்’.

அவளுக்குக் கடையே வேடிக்கைதான். இப்போது ஃபிளாட் நிற்கிற இடத்தில் அவள் மாமனார் பயிர் வைத்திருந்தார். “எங்க ஊட்ல மாட்டுக்குக் கொட்ன கம்ப நீ கண்ணாடி ஜாடில வெச்சி விக்கிற. மாடு பாத்துச்சின்னா காறித் துப்பும்” என்பாள். சொல்லிவிட்டு அரைக் கிலோ கம்பும் வாங்கிப் போவாள்.

மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. “பார்த்துட்டுச் சொல்றேன்” என்பார். சொல்வதோடு நிற்காமல் நிஜமாகவே எழுந்து போய்ப் பார்ப்பார். எண்ணெய் கசக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதே டின்னிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கோபம் வந்தால் குரல் உயராது. தராசுத் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார். தட்டு பளபளவென்று இருக்கிற நாளில் நானும் பில் போடும் பெண்களும் ஒதுங்கி நடப்போம்.

எங்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். எப்படிச் சமைப்பது என்று கேட்டால் சொல்லலாம். எதற்கு நல்லது என்று கேட்டால் சொல்லக்கூடாது. ஒரு தடவை ஒருவர் கருங்குறுவை அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு, “இது முட்டி வலிக்குக் கேக்குமா?” என்றார்.

“கேக்காது சார், கஞ்சி வெச்சா நல்லாயிருக்கும்” என்றேன்.

“அப்ப முட்டிக்கு என்ன வாங்கறது?”

“பக்கத்து தெருவுல டாக்டர் கீறாரு.”

அவர் அதற்குள் வரிசையில் நின்ற இன்னொருவரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த இன்னொருவர் தன் மச்சானின் முட்டிக் கதையைச் சொன்னார். சனிக்கிழமை வரிசையில் இது வழக்கமாக நடப்பதுதான். யாரைத்தான் நிறுத்துவது?

வண்டு விஷயத்தில் மட்டும் மேடமே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார். ஆரம்பத்தில் ஃபிளாட்டுக்காரர்கள் அரிசியில் வண்டைப் பார்த்துவிட்டுப் பையோடு ஓடி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கி அலுத்துப்போய் எழுதியது அது: ‘எங்கள் அரிசியில் வண்டு வரும். மருந்து இல்லாததால் வரும்.’

பலகை நன்றாக வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஒரு வருடத்தில் எல்லாரும் மாறிவிட்டார்கள். “எங்க வீட்டுக் கவுனி அரிசியில எவ்வளவு வண்டு தெரியுமா” என்று ஒருவரிடம் ஒருவர் பெருமை பேசிக்கொண்டார்கள். ஒரு அம்மா தன் சம்பந்தி வீட்டு அரிசியைக் குறை சொல்லும்போது, “ஒரு பூச்சி கூட எட்டிப் பார்க்காது அவங்க அரிசியை” என்றார். இதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். அதுதான் எங்கள் தலையில் வந்து விழப்போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மழைக்காலத்தில் கோதண்டத்தின் தூயமல்லி வந்தது. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம். உரம், மருந்து இல்லாமல் பயிர் வைக்கிறவர். நெல்லாகவே வீட்டில் சேர்த்துவைத்து, அவ்வப்போது அரைத்து எங்களுக்கு அனுப்புவார். வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, வேறு யாரும் அந்த விலைக்குக் கேட்பதும் இல்லை. மூட்டை இறக்க வரும்போது எனக்கென்று மடியில் வேர்க்கடலை கொண்டுவருவார்.

கடையில் எல்லாப் பீப்பாயிலும் வண்டு. நான் தினமும் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கோதண்டத்தின் அரிசியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் செந்தில் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பக்கத்து அடுக்ககத்தின் செயலாளர். முகத்தில் கவலை, கையில் எங்கள் அரிசி.

“இதைத் திருப்பி எடுத்துக்கறீங்களாங்ணா?”

“ஏன் சார், வண்டா?”

“இல்லீங்ணா. வண்டு வரவே இல்லீங்க. வாங்கி இத்தனை நாளாச்சு. பக்கத்துலயே மாப்பிள்ளைச் சம்பா இருக்குது, அதுல வண்டு ஓடுது. இதுல ஒண்ணு கூட இல்லீங்க. வீட்ல பயப்படறாங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பலகையைக் கையால் காட்டினார். “நீங்கதானுங்களே எழுதி வெச்சிருக்கீங்க.”

அன்று மாலைக்குள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அது போய்விட்டது. வண்டு வராத அரிசி, கடையில் மருந்து போடுகிறார்கள் போல. மறுநாள் தூயமல்லி திரும்பி வந்தது. டப்பா டப்பாவாக, கொஞ்சம் சமைத்தது போக மீதி. இரண்டு நாளில் மற்ற அரிசியையும் தொடத் தயங்கினார்கள். குக்கர் சார் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, “நாட்டுச் சர்க்கரையில எறும்பு வருதில்ல?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அதை மட்டும் வாங்கிப் போனார். மேடம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோதண்டத்தை வரச் சொன்னார். அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மருந்து வெக்கிறவன் எதுக்கு மேடம் இவ்ளோ பாடு படணும்? பக்கத்து நெலத்துக்காரன் மாதிரி வெதைச்சோமா அறுத்தோமான்னு இருக்கமாட்டனா?”

“நம்புறேன், நம்பலைன்னு நான் ஒண்ணும் சொல்லலை கோதண்டம். அரிசியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கேன். முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் விக்கிறதா வேணாமான்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

“ஊட்ல மீதி நெல்லு அப்டியே கீது. நீங்க வேணான்னா மில்லுக்குத்தான் போட்டாகணும். எம்பையன் ஒரு வருசமா சொல்லிகினு கீறான், மனை போடுறவன் அட்வான்சோட வாசல்ல நிக்கிறான்னு. இவங்க வாங்குறாங்க, இவங்க வாங்குறாங்கன்னு சொல்லித்தான் அவன் வாயை அடைச்சி வெச்சிருந்தேன். நீங்களும் வேணான்னா நெலத்தக் குடுத்துட்டுப் போறேன். உரம் கொட்டி வெள்ளாமை பண்ண இனிமே எனக்குக் கை வராது.”

பேசப் பேசக் கோதண்டத்துக்குத்தான் கோபம் ஏறியது. பக்கத்துப் பீப்பாயைத் திறந்து காட்டினார்.

“உங்க வண்டுதானே சாட்சி? இதுலேர்ந்து புடிச்சி எங்கரிசில வுடுங்க. மருந்து இருந்தா சாவட்டும். நான் வந்து என் கண்ணால பாத்துட்டுப் போறேன்.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “சரி. செய்வோம்” என்றார்.

வண்டு பிடிப்பது என் வேலையாகிவிட்டது. இரண்டு கண்ணாடி ஜாடி. ஒன்றில் கோதண்டத்தின் தூயமல்லி, இன்னொன்றில் மாப்பிள்ளைச் சம்பா. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வண்டுகள். காற்று போக வாயில் மெல்லிய துணி கட்டி, பில் போடும் மேசை மேலேயே வைத்தார் மேடம். ஒளித்து வைத்தால் சந்தேகம் வரும் என்பது அவர் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் இல்லையா, ஜாடியில் ஒட்டுச்சீட்டு கூட ஒட்டினார். கோதண்டம் ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்த வாரம் கடைக்கு வந்த கூட்டம் முன்பு வந்ததில்லை. வாங்க வந்தவர்கள் குறைவு, வண்டைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். கன்னியம்மா தினமும் கீரையை இறக்கிவைத்ததும், ஆஸ்பத்திரியில் விசாரிப்பது போல விசாரிப்பாள்.

“இன்னா அண்ணாத்தே, உசுரோட கீதா?”

“நடமாடுது.”

“சாப்டுதா?”

“உள்ளாற பூந்துச்சி. தெரியல.”

செந்திலும் தினமும் ஆபீஸ் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். குழுவில் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? எனக்கு இராத்திரி தூக்கம் வந்தது, ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அந்த ஜாடியைத்தான் பார்ப்பேன். கோதண்டத்தின் நிலம் அந்த ஜாடிக்குள் நடந்துகொண்டிருந்தது.

கோதண்டம் வருவதாகச் சொன்ன காலை. மேடம் பின்பக்கம் எண்ணெய் டின் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு உதவியாக இருந்தேன். முன்னால் பேச்சுக் குரல் கேட்டு வந்தபோது மேசையைச் சுற்றிக் கூட்டம். செந்தில் கையில் போன். தூயமல்லி ஜாடியில் வண்டுகள் கண்ணாடியோரம் காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. எல்லாமே. ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்து ஜாடியில் வண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

“செத்துப்போச்சுங்ணா” என்றார் செந்தில் மெதுவாக. படம் குழுவுக்குப் போய்விட்டிருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் கோதண்டம் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் வைத்திருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். கூப்பிட்டேன், நிற்கவில்லை. தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறிப் போனார்.

மேடம் வந்து ஜாடியைப் பார்த்தார்.

“யாராவது இதைத் தொட்டீங்களா?”

“நான் லேசாக் குலுக்கினேனுங்க மேடம். எல்லாம் அரிசிக்குள்ள இருந்துச்சு, போட்டோவுல தெரியலீங்க” என்றார் செந்தில்.

“இந்த ஒண்ணை மட்டுமா?”

“ஆமாங்க.”

“செத்துடுச்சா மேடம்?” என்றார் ஒருவர்.

“பார்த்துட்டுச் சொல்றேன்.”

முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் நின்று பார்த்தது. கொஞ்ச நேரம் ஆனதும் சிலர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். செந்தில் போகவில்லை. தான்தான் செய்தி அனுப்பியது என்பதால் முழுசாக இருக்கட்டும் என்று ஜாடிக்கு நேரே போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். அவர்தான் முதலில் பார்த்தார்.

“மேடம்… கால் ஆடுதுங்க.”

ஒரு வண்டின் கால் விரிந்தது. பிறகு மூக்கு. புரண்டு நிமிர்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போனது. அடுத்தது. அதற்கடுத்தது. சற்று நேரத்தில் எல்லாம் அரிசிக்குள் இறங்கிவிட்டன. மேடம் பக்கத்து ஜாடியை எடுத்து லேசாகக் குலுக்கிக் கீழே வைத்தார். அந்த வண்டுகளும் அதேபோல் காலை மடக்கிக்கொண்டு விழுந்தன. பயம் வந்தால் செத்தது போல் படுத்துக்கொள்ளும் சாதி அது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வண்டு டாக்டருக்கே தெரியாது, நான் எப்போதும் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு போனவன்தானே.

“அடிப்பாவி” என்றாள் கன்னியம்மா. “எம்மருமவ மாதிரில்ல கீது. வேலைன்னு சத்தம் கேட்டா படுத்துக்குது.”

சிரிக்க நேரமில்லை. மேடம் என்னைப் பார்த்தார். “துரை, கோதண்டத்தைக் கூட்டிட்டு வாங்க.” போன் அடித்தால் எடுக்கவில்லை.

“ஏறுங்ணா, நான் கொண்டுபோறேன்” என்றார் செந்தில், பைக்கை எடுத்துக்கொண்டு. திருமுல்லைவாயில் வழியாக ஆவடிக்குப் பறந்தோம். வழியெல்லாம் பள்ளம். ஒரு சிக்னலில் அவர், “அவரு நிலத்தை வித்துருவாருங்களாணா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஆவடி பஸ் ஸ்டாண்டில் ஊத்துக்கோட்டை பஸ் இன்னும் வரவில்லை. கோதண்டம் திட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். “வரச் சொல்றா. சாயங்காலமே வரச் சொல்லு. ஆமா, கையெழுத்து போட்டுர்றேன்.”

“உன் வண்டு சாவல கோதண்டம்” என்றேன், மூச்சு வாங்கியது.

“சும்மாயிரு நைனா. நான் பாத்தேனே.”

“நானுந்தானே பாத்தேன்? நடிக்குதுப்பா அது.”

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தார். செந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவைக் காட்டினார். கோதண்டம் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை பார்க்கும்போது தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு.

“வயசுபூரா இதோட குடித்தனம் பண்றேன். நடிக்குற வேலை தெரியாம பூட்ச்சே எனக்கு.”

“மன்னிச்சுக்குங்க. நான்தானுங்க போட்டோ போட்டேன். இந்த வீடியோவையும் போட்டுட்டேன்” என்றார் செந்தில். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அப்புறம் ஏனுங்க உங்க அரிசியில மட்டும் வண்டு வரலே?”

“போன வாட்டி ஈரத்தோட அரைச்சி அனுப்பிட்டன்னு மேடம் தட்டைத் தொடைச்சிச்சி. திட்டல, தொடைச்சிச்சி. அதுக்குப் பயந்துகினு இந்த வாட்டி நெல்ல, கடிச்சா பல்லு போற மாதிரி காய வெச்சி, அரைச்ச சூடு ஆற வெச்சி அனுப்புனேன். எங்கூட்டுக்காரி வேற மூட்டைக்கு மூட்ட நொச்சித் தழ வெச்சா. ஒயுங்கா செஞ்சதுக்குத்தான் இந்தப் பேரு.”

சொல்லிவிட்டு அவர் மகனுக்குத் திரும்பப் போன் போட்டார்.

“ஏய், அந்த ஆளு வந்தா மோர் குடுத்து அனுப்பு. ஆமா, மோர் மட்டும்.”

அன்றைக்கே மேடம் பலகையைக் கழற்றி அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘அரிசியில் வண்டு வரலாம், வராமலும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.’ ஆய்வக முடிவு மெல்ல வந்தது. மருந்து இல்லை என்று இருந்தது. மேடம் அதைச் சுவரில் ஒட்டினார், யாரும் நின்று படிக்கவில்லை. வீடியோவைத்தான் எல்லாரும் அவரவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செந்திலின் அடுக்ககம் அடுத்த அறுப்பிலிருந்து கோதண்டத்தின் அரிசியை எங்கள் மூலமாக மூட்டையாகவே எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ள ஆரம்பித்தது. இன்றுவரை எடுக்கிறது.

இப்போது கடையில் உதிரி கிடையாது. காற்றை உறிஞ்சி ஒட்டிய பையில் எல்லாம் வருகிறது. வண்டு நுழைய வழியில்லை. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மூட்டை தூக்கி என் முட்டியும் போய்விட்டது, மேடத்துக்கு அதற்கு முன்பே போய்விட்டது. “துரை, கல்லாவுல உக்காந்துக்கறீங்களா?” என்று கேட்டார். உட்கார்ந்து பழக்கம் இல்லை மேடம் என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சால்வைக்கு ஆள் அனுப்பினார். பில் போடும் பெண்கள் வண்டுக் கதையை எழுதி வைக்கச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்றவன் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் போன் அடித்தது.

“அண்ணா, செந்தில் பேசறேனுங்க. ரிட்டயர் ஆயிட்டீங்களாமா?”

“ஆமா சார். கொரட்டூர்ல ஒருத்தன் வாட்ச்மேன் வேலை சொல்லியிருக்கான். போய்ப் பாக்கலாம்னு நடந்துகினு கீறேன்.”

“அங்க போகாதீங்ணா. கோதண்டம் மூட்டையில வண்டு வந்திருச்சுங்க. இந்த மழைக்கு அவராலயும் காய வைக்க முடியலையாமா. எங்க செக்யூரிட்டி மருந்து அடிச்சிரலாங்கிறாரு. பாதிப் பேரு சரிங்கிறாங்க, பாதிப் பேரு சண்டைக்கு வர்றாங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியலீங்க. மாசா மாசம் வந்து பாத்துக்குங்க, சம்பளம் பேசிக்கலாம். காலையில மொட்டை மாடிக்கு வந்துர்றீங்களா?”

அரிசிப் பையைக் கை மாற்றிக்கொண்டேன். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை இளவெயிலில் அந்த மாடியில் வெள்ளைத் துணி விரித்தேன். துணி என்றால் நாலு வீட்டிலிருந்து வாங்கி வந்த கட்டில் விரிப்புகள். மூட்டையை நானும் செந்திலும் பிடித்துச் சரித்தோம். தூயமல்லி சரசரவென்று விழுந்து பரவியது. அதனோடு வண்டுகளும் விழுந்தன, விழுந்ததும் காலை மடக்கிக்கொண்டன. சுற்றிலும் லிஃப்டில் ஏறி வந்த கூட்டம், பாதிப் பேர் கையில் காப்பி.

“எல்லாம் செத்துருச்சாங்க?” என்றது ஒரு குரல்.

“பார்த்துட்டுச் சொல்றேன்” என்று துணி ஓரத்தில் உட்கார்ந்தேன்.